நீரில் போட வேண்டாம்

வூப்பர்டால், வோவிங்கல் பகுதி.
தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
கடைக் கண்ணாடியில் ஒரு நிழல் குறுக்கே ஓடும்,
ஹாங்கர்கள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுக்கும்.
பதினொரு வருடமாய் இங்கே
ஊரார் அழுக்கு எடுக்கிறேன்.

தொழில் தேர்வில் முதல் கேள்வி:
இழைகளின் மரத்தை வரைக.
வரைந்தேன்.
இடப்பக்கம் இயற்கை.
செடி தந்த பருத்தி, ஆளி, சணல்.
ஆடு தந்த கம்பளி. புழுவின் எச்சிலாகிய பட்டு.
அப்புறம் தாது என்றொரு குட்டிக் கிளை,
அதில் ஒரே பெயர்.
ஜெர்மனில் எழுதிவிட்டுத் தமிழில் நினைத்ததும்
சிரிப்பு வந்துவிட்டது:
கல்நார்.
கல்லில் நார் உரிக்கிறாயா என்று
நக்கல் அடித்த அதே மொழி
பெயரையும் வைத்திருக்கிறது.
மேற்பார்வைக்கு வந்த ஃபிராவ் டோர்க்லர்
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

வலப்பக்கம் மனிதர் செய்தவை.
எண்ணெயிலிருந்து இழுத்த நைலான், பாலியெஸ்டர்.
அவற்றுக்கு முன்னால், சற்றே தள்ளி, விஸ்கோஸ்:
மரத்தைக் கூழாக்கி, காரத்தில் கரைத்து,
ஊசித்துளை வழியே அமிலத்துள் பீய்ச்சினால்
திரும்பவும் இழையாய் எழுந்து வருவது.
உடம்பு காட்டினது, உருவம் ஆலையினது.
தேர்வுத்தாள் அதற்கென்று ஒரு கிளை ஒதுக்கியது.
எங்கள் கடை ரசீது ஒதுக்கவில்லை.
நான்கே பெட்டிகள்:
பருத்தி, கம்பளி, பட்டு, செயற்கை.

செவ்வாய்க்கிழமை சுகிர்தமலர் வந்தார்,
ஹாகனிலிருந்து.
பழைய செய்தித்தாளில் சுற்றிய கூறை.
அரக்குச் சிவப்பு. தலைப்பில்
உள்ளங்கை அகலத்துக்கு பீட்ரூட் கறை.
"பட்டுத் தம்பி. கவனமாச் செய்யும்.
சனிக்கிழமை மகளின்ரை எழுத்து.
இதைத்தான் உடுப்பன் எண்டு நிக்கிறாள்."

கூறைக்கு லேபிள் கிடையாது.
நூலைப் போல சேலை என்பார்கள்,
நூல் யாரைப் போல என்று
தீயிடம்தான் கேட்க வேண்டும்.
உள்தலைப்பின் ஓரத்தில் ஒரு ஊடையை
ஊசியால் தூக்கி அரை அங்குலம் நறுக்கி
இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன்.

பட்டென்றால் சுடரைக் கண்டு சுருளும்,
மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு
மனமில்லாமல் எரிந்து தானே அணையும்.
பாலியெஸ்டர் உருகி
கறுத்த மணியாய் இறுகும்.
இதுவோ
கடிதம் எரிகிற மாதிரி எரிந்தது.
நுனியில் ஒரு சிவப்புக் கண்
கொஞ்ச நேரம் விழித்திருந்தது.
பிறகு சாம்பல்,
ஊதினால் அதுவும் இல்லை.

மரம்.
பட்டின் விலைக்கு யாரோ விற்ற மரம்.

ஃபிராவ் டோர்க்லரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
அவர் தகப்பன் இதே பள்ளத்தாக்கில்
இந்த இழையை இரவும் பகலும் நூற்றவராம்.
அவர்கள் அதைப் பொய்ப்பட்டு என்று சொல்லவில்லை.
குன்ஸ்ட்ஸைடெ.
குன்ஸ்ட் என்றால் கலை.
இங்கே ஊருக்கே சோறு போட்ட சொல்,
அங்கே ஒரு கடைக்காரன் வாய் திறந்து சொல்லாத சொல்.

நனைந்தால் பாதி வலு போய்விடும் இதற்கு.
கறையை மட்டும், பஞ்சால், ஒற்றி ஒற்றி,
இரண்டு மாலை.
பூதக்கண்ணாடி வைத்து
என் வெட்டைச் சரிபார்த்தபோதுதான் கண்டேன்:
இரண்டு விரற்கடை தள்ளி
இன்னொரு அரை அங்குல வெறுமை.
பழையது. பக்கத்து நூல்கள்
நகர்ந்து நகர்ந்து பாதி மூடியிருந்தன.

வெள்ளிக்கிழமை ரசீதை நீட்டினேன்.
பெட்டி எதிலும் குறியிடவில்லை.
கீழே ஒரு வரி எழுதியிருந்தேன்,
நீரில் போட வேண்டாம்.

வாசித்தார்.
"பட்டையும் தண்ணியிலை போடக் கூடாதுதானே?"
"கூடாது, அக்கா."
தலைக்கு மேல் ரயில் போனது.
சுவரில் விலைப்பட்டியல்:
செயற்கைச் சேலை பத்தொன்பது யூரோ,
பட்டு முப்பத்திரண்டு.

மூன்று பத்து, ஒரு இரண்டு.
எண்ணி வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல்
கூறையைக் கையில் ஏந்திக்கொண்டார்.